மூடுவதற்கு முன்

ஜனவரி 6, செவ்வாய்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிக்க வேண்டும். ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்த வரி கீழே சரிகிறது. 'ண'வுக்கு எத்தனை சுழி, 'ன'வுக்கு எத்தனை சுழி என்று எண்ணி எண்ணித்தான் போடுகிறேன். இவ்வளவு எழுதவே அரை மணி நேரம் ஆகிவிட்டது. பேனாவை அழுத்திப் பிடிப்பதால் அடுத்த பக்கத்திலும் தழும்பு விழுகிறது. சுத்தியல் பிடித்த கை, வேறு எப்படி இருக்கும்?

என் பெயர் வையாபுரி. வயது எழுபத்திரண்டு. கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் முப்பத்தோரு வருடம் தகடு அடித்தேன். கடைசிப் பன்னிரண்டு வருடம் மேஸ்திரி. அளவு நாடாவின் தயவில் எண்கள் தெரியும். எழுத்து தெரியாது. என் மகள் தமயந்தி இரண்டு வருடமாகப் பிடிவாதமாகச் சொல்லிக்கொடுத்தாள். இப்போது கடைத்தெருவுக்குப் போனால் எல்லா போர்டுகளையும் படித்துவிட்டுத்தான் வீடு திரும்புகிறேன். நேற்று ஒரு சுவரில் 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்' என்பதைச் சத்தமாக, ஒவ்வொரு எழுத்தாகப் படித்து முடித்தேன். அங்கே நின்றுகொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு என்னை முறைத்துக்கொண்டே போனார்.

செவ்வாய்க்கிழமை தவறாமல் எழுத வேண்டும், நடுவில் தோன்றினாலும் எழுதலாம், ஞாயிற்றுக்கிழமை அவள் சிவப்புப் பேனாவால் திருத்துவாள். இது தமயந்தி போட்ட சட்டம்.

இன்று எழுதப் பெரிய செய்தியே இருக்கிறது. திருச்சிப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. தமயந்தி ஏழு வருடமாகப் படுத்தபடியே எழுதிய ஆராய்ச்சியை ஏற்றுக்கொண்டார்கள். பிப்ரவரி 12 அன்று வாய்மொழித் தேர்வு. நேரில் வர வேண்டும்.

அவள் இந்த வீட்டை விட்டு வெளியே போய்ப் பத்தொன்பது வருடம் ஆகிறது.

ஜனவரி 9, வெள்ளி

ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்யலாம் என்றேன். அவள் மாட்டேன் என்றாள்.

"மூடுன வண்டி ஆகாதுப்பா. தலைக்கு மேல கூரை தெரிஞ்சாலே மூச்சு அடைக்குது. வீட்டுக் கூரை இருவது அடி உசரம், ஓட்டு வழியா வெளிச்சம் தெரியுது, அதனால இருக்கேன்."

அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. பத்து நிமிடத்துக்கு மேல் முதுகு நிமிர்ந்து நிற்காது. படுத்துத்தான் போக வேண்டும். காரும் ஆகாது.

அவளுக்கு இருபத்தைந்து வயதில் பஸ் கவிழ்ந்தது. நசுங்கிய கூரைக்குக் கீழே நான்கு மணி நேரம் கிடந்தாள். மற்றதை எழுதும் அளவுக்கு எனக்கு இன்னும் எழுத்து பழகவில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

ஒரு வண்டி கட்டப்போகிறேன்.

ஆரோக்கியத்திடம் நேற்றுப் போனேன். அவர் தச்சர். பட்டறையில் ஒன்றாக வேலை பார்த்தோம். அவர் மகன் வாங்கிய குட்டியானை, அந்தச் சின்னச் சரக்கு வண்டி, வீட்டில் சும்மா நிற்கிறது. மகன் துபாயில். பின்னால் இருக்கும் தொட்டியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு வளைந்த கூண்டு வைத்தால் அவள் காலை முன்னாலும் தலையைப் பின்னாலும் வைத்துப் படுத்துப் போகலாம்.

"பெர்மிட்டு, கிர்மிட்டு?" என்று கேட்டேன்.

"அத நான் பாத்துக்கறேங்க மேஸ்திரி. நம்ம கட்டுன பஸ்ஸுக்கெல்லாம் அலைஞ்சதுல ஆர்.டி.ஓ. ஆபீஸுல பாதிப் பேருக்கு என்னையத் தெரியும். நீங்க தகட்ட வளைங்க, நான் ஆள வளைக்கிறேன்."

தமயந்தியின் கட்டிலைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டு அளவெடுத்தேன். ஏழடி நீளம், நாலேகால் அடி அகலம். கூரை சதுரமாக இருந்தால் பெட்டிக்குள் வைத்தது போல இருக்கும். வளைத்துவிட்டால் உயரம் கிடைக்கும், காற்றும் வழுக்கிப் போகும். நடுவில் இரண்டடிக்குக் கண்ணாடி வைத்தால் வானம் தெரியும். ஏழு இரும்புச் சட்டங்கள் வில் போல வளைந்து நிற்கும். அதன்மேல் ப்ளைவுட். அதன்மேல் அலுமினியத் தகடு.

அவளிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணுப்பா. தகடு போட்டு மூடறதுக்கு முன்னாடி எங்கிட்டக் காட்டணும். உள்ள என்ன இருக்குன்னு நான் பாக்கணும்."

சரி என்றேன். மோட்டார் போட்ட ஞாபகம் வந்தது. தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க வெளியே போனேன். நிரம்பவில்லை. மோட்டாரே போடவில்லை.

ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப்பொங்கல். வேலை இல்லை. 'ங்' எழுத வந்துவிட்டது.

ஜனவரி 20, செவ்வாய்

ப்ளைவுட் வளைப்பதைப் பற்றி எழுதுகிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை எழுதினால் கை தானாக ஓடும் என்று தமயந்தி சொல்கிறாள்.

பலகைக்கு நார் ஓடும் திசை உண்டு. ஒரு பக்கமாக வளைத்தால் பாய் போலச் சுருளும். மறுபக்கமாக வளைத்தால் அப்பளம் போல உடையும். கட்டைவிரலை அழுத்தி ஒருமுறை இழுத்தால் எந்தத் திசை என்று விரலே சொல்லிவிடும். பிறகு ஈரச் சாக்கைப் போர்த்தி, மேலே வெந்நீர் ஊற்றி ஊறவிட வேண்டும். இரண்டு முனையிலும் கயிறு கட்டி, கயிற்றில் கட்டையைச் செருகி, நாளுக்கு நாலு தடவை கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். அவசரப்படக் கூடாது. இரண்டு நாள் கழித்துக் கயிற்றை அவிழ்த்தால் பலகை அப்படியே நிற்கும். திரும்ப நிமிராது.

தமிழ் எழுத்தும் இப்படித்தான். நேர்க்கோடு குறைவு, எல்லாம் வளைவுதான். 'ழ'வின் காலை நான் முதலில் ஒரே இழுப்பாக இழுத்து உடைத்துக்கொண்டிருந்தேன். மெதுவாகத் திருப்பியபோது வந்துவிட்டது. அன்று ஒரு பக்கம் முழுக்க 'ழ' எழுதினேன்.

இந்த வேலையில் ஒரு புதுமை செய்தேன். வெட்டிய பலகைகளில் எல்லாம் பெயர் எழுதினேன். தலை, நடு, கால் என்று. பெரிய பெரிய எழுத்தில். ஆரோக்கியம் படித்துப் பார்த்துவிட்டு, "மேஸ்திரி, கையெழுத்து கெவுருமெண்டு ஆபீஸரு மாதிரி இருக்குது" என்றார். எனக்குச் சந்தோஷம்.

தலைப்பக்கம் வளைவு அதிகம். கால்பக்கம் லேசான வளைவுதான். அதனால் தலைக்கு மட்டும் நார் பார்த்து வெட்டினேன். காலுக்கு மிச்சத் துண்டு. அந்த வளைவுக்கு எப்படி வெட்டினாலும் தாங்கும்.

ஜனவரி 23, வெள்ளி

இரண்டு நாளாக முறுக்கிய பலகைகளைச் சட்டத்தில் ஏற்றினோம். மதியம் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஒன்றுமில்லை. பின்பக்கத்துத் தகட்டை ஏற்றி ரிவிட் ஆணி அடித்துவிட்டோம். தகட்டை உச்சி வெயிலில்தான் பொருத்த வேண்டும். சூட்டில் விரிந்திருக்கும்போது அடித்தால் சாயங்காலம் இறுகிப் பிடித்துக்கொள்ளும். காலைக் குளிரில் அடித்தால் மதியம் உப்பிப் போகும். நன்றாக வந்திருக்கிறது. முகம் பார்க்கலாம்.

ஜனவரி 25, ஞாயிறு

தமயந்தி திருத்திக் கொடுத்தாள். இந்த வாரம் பிழை குறைவு. வெள்ளிக்கிழமை எழுதியதில் ஒரே ஒரு சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம். 'ஒன்றுமில்லை'.

எங்கே பிழை என்று தெரியவில்லை. 'ன்' சரியா, 'ண்' வர வேண்டுமா? சரி என்று, அதன் கீழே 'ஒன்றுமில்லை' என்று பத்துத் தடவை எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன்.

அவள் நோட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எழுத்துப் பிழை இல்லப்பா."

"அப்பறம் எதுக்குக் கண்ணு வட்டம் போட்ட?"

"என்ன சத்தம் அது?"

சரோஜா கஞ்சி கொண்டுவந்தாள். அவள் பக்கத்து வீடு, காலையிலும் மாலையிலும் தமயந்தியைக் கவனித்துக்கொள்ள வருகிறவள். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

பத்து 'ஒன்றுமில்லை' நோட்டில் அப்படியே இருக்கிறது.

ஜனவரி 27, செவ்வாய்

காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தேன். இப்போது பதினொன்று. தமயந்தி, இதை நீ படிப்பாய். வாயால் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் சத்தம். நான் பலகையில் 'தலை' என்று எழுதியது உன் தலை வைக்கும் இடம். நீ பின்பக்கம் தலை வைத்துப் படுப்பாய். ஆரோக்கியம் முப்பது வருடமாக பஸ் கட்டியவர். எங்களுக்கு வண்டியின் தலை என்றால் முன்பக்கம். அவர் 'தலை' என்று படித்து முன்னால் கட்டிவிட்டார். உடையக்கூடிய கால் துண்டு பின்னால் போய்விட்டது. நான் வழக்கமாகக் கட்டைவிரலை இழுத்துப் பார்ப்பேன். அன்று பார்க்கவில்லை. என் எழுத்தையே பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தேன். உன் முகத்துக்கு நேர் மேலே ஒன்றரை அடிக்கு விரிசல்.

ஆரோக்கியம் சொன்னார்: "தாங்குறது இரும்புச் சட்டங்க மேஸ்திரி. பலகை சும்மா மெத்தைதான். தகடு மூடிரும், விடுங்க." அவர் சொன்னது பொய்யில்லை. விரிசலோடும் அந்த வண்டி ஐம்பது வருடம் ஓடும். நான்தான் தகட்டைத் தூக்கிக் கொடுத்தேன்.

இனி அடுத்தது.

பத்தொன்பது வருடத்துக்கு முன் நீ போன பஸ் நாங்கள் கட்டியது. அது உனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். கரூரில் கட்டாத பஸ் எது என்று எல்லோரும் அதை விட்டுவிட்டார்கள். தெரியாதது ஒன்று இருக்கிறது.

அந்தக் கூரையின் பின்பக்கத்துச் சட்டங்களில் ஒன்று வளைக்கும்போதே வளைவில் கீறிவிட்டது. முடி அளவு. வேறு சட்டம் வளைக்க ஒரு நாள் ஆகும். மறுநாள் பூஜை போட்டு வண்டியை எடுக்க ஆள் வருகிறது. எனக்கு யாரும் உத்தரவு போடவில்லை. முதலாளி ஊரில் இல்லை. ஆரோக்கியம் அன்று வேலைக்கே வரவில்லை. பையன்கள் என்னைத்தான் கேட்டார்கள், "என்ன பண்ணலாம் மேஸ்திரி?" என்று. நான் 'மூடு' என்றேன்.

விபத்து நடந்த நாலாம் நாள், நீ ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் இருந்தபோது, போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் நிறுத்தியிருந்த அந்த பஸ்ஸைப் போய்ப் பார்த்தேன். பிய்ந்து தொங்கிய தகட்டை விலக்கினேன். நீ உட்கார்ந்த இடத்துக்கு மேலே அந்தச் சட்டம் இரண்டாக உடைந்திருந்தது. புதிதாக உடைந்த இரும்பு வெள்ளையாக மின்னும். இது பாதி மின்னியது. மீதிப் பாதியில் துரு. பழைய கீறல்.

அது நன்றாக இருந்தால் கூரை நசுங்கியிருக்காதா? தெரியாது. மற்ற சட்டங்களும் வளைந்திருந்தன. பஸ் உருண்ட பள்ளமும் ஆழம். தெரியாது என்று எனக்கு நானே பத்தொன்பது வருடம் சொல்லிக்கொண்டேன்.

அதன் பிறகு பட்டறைக்குப் போகவில்லை. உன்னைப் பார்த்துக்கொள்ளத்தான் வேலையை விட்டேன் என்று உன் அம்மா எல்லோரிடமும் சொன்னாள். நான் மறுக்கவில்லை.

வாசலில் மாவு டின்னும் ட்ரங்குப் பெட்டியும் செய்து பிழைத்தது அதற்காகத்தான். பெட்டிக்குள் ஆள் உட்காருவதில்லை.

நோட்டை உன் தலையணைக்குப் பக்கத்தில் வைக்கிறேன். ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம்.

ஜனவரி 28, புதன்

நோட்டு அவளிடம் இருக்கிறது. இது காலண்டர் தாளின் பின்பக்கம். அவள் பேசவில்லை.

ஜனவரி 29, வியாழன்

பேசவில்லை. சரோஜாவிடம் பேசுகிறாள். "அப்பாவுக்கும் உனக்கும் என்ன சண்ட?" என்று சரோஜா கேட்டதற்கு, "பாடத்துல சந்தேகம்" என்றாள்.

ஜனவரி 30, வெள்ளி

பழைய ட்ரங்குப் பெட்டியின் கைப்பிடியை மாற்றினேன். மாற்ற வேண்டிய அவசியமில்லை.

பிப்ரவரி 1, ஞாயிறு

நோட்டு என் பாயில் இருந்தது. செவ்வாய்க்கிழமை எழுதிய மூன்று பக்கத்தையும் திருத்தியிருந்தாள். ஓரிடத்தில் 'துறு' என்று எழுதியிருந்தேன் போல. அடித்து, 'துரு' என்று போட்டிருந்தாள். மேலே இருப்பது நான் பிழை நீக்கி மறுபடி எழுதியது. வேறு ஒரு குறிப்பும் இல்லை. ஓரத்தில்கூட இல்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். எப்போதும் கால்மாட்டில்தான் நிற்பேன். இன்று தலைமாட்டுக்கு வரச் சொன்னாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது கண்ணு."

"சாகற வரைக்கும் உங்களக் கும்புடாத கொறையா இருந்துச்சு அம்மா. மகளுக்காக வேலையவே விட்ட மனுசன்னு. நானும்தான். எங்கூடப் படிச்சவங்க போன் பண்ணா, எங்கப்பா மாதிரி யாருமில்லன்னு சொல்லுவேன். எத்தன தடவ சொல்லிருக்கேன் தெரியுமா?"

என் கண் கூரைக்குப் போயிற்று.

"எனக்குச் சந்தேகம் இருந்துச்சுப்பா. கட்டில் பக்கத்துல வந்தா நீங்க என் மொகத்தப் பாக்க மாட்டீங்க. கூரையப் பாப்பீங்க. பாவம், தாங்க முடியலைன்னு நெனச்சேன். அதுக்குக் காரணம் இதுன்னு தெரியாமப் போச்சு."

"கண்ணு..."

"மன்னிச்சுட்டேன்னு சொல்ல வைக்காதீங்க. இப்ப அது வராது. வந்தாச் சொல்றேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கை மட்டும் நன்றாக வேலை செய்யும் அவளுக்கு. "பன்னெண்டாந்தேதி நான் திருச்சி போகணும். ஏழு வருசம் எழுதியிருக்கேன். நெசவு நெய்யிற நானூறு பொம்பளைங்க எனக்குப் போன்ல கணக்குச் சொல்லிருக்காங்க, என்ன கூலி, எத்தன மணி நேரம்னு. அவங்களுக்காகவாச்சும் போகணும். வண்டிய ஒழுங்காச் செய்யுங்க."

"செய்யறேன்."

"மூடறதுக்கு முன்னாடி?"

"காட்டறேன்."

பிப்ரவரி 3, செவ்வாய்

பின்பக்கத் தகட்டைக் கழற்றினோம். நூற்றுப் பத்து ரிவிட். ஒவ்வொன்றின் தலையையும் துளைத்து எடுக்க வேண்டும். ஆரோக்கியம் முனகிக்கொண்டே செய்தார். காரணத்தை அவரிடம் சொன்னேன். அந்தப் பழைய பஸ்ஸின் கீறலையும் சொன்னேன். துளைபோடும் மிஷினைக் கீழே வைத்துவிட்டார்.

"எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்ல மேஸ்திரி?"

"சொன்னா?"

யோசித்தார். "தகடு மூடிரும்னு சொல்லிருப்பேன்" என்றார். பிறகு மிஷினை எடுத்து அடுத்த ரிவிட்டைத் துளைத்தார்.

புதுப் பலகை வாங்கி, கட்டைவிரலை இழுத்துப் பார்த்து, ஊறப்போட்டிருக்கிறேன். இந்தத் தடவை அதில் எதுவும் எழுதவில்லை.

பிப்ரவரி 7, சனி

வண்டியைக் கூண்டு மூடாமல் எங்கள் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தோம். தமயந்தியின் கட்டிலைச் சரோஜாவும் நாங்களும் நிலைப்படி வரை தள்ளினோம். வெயில் முகத்தில் பட்டதும் கண்ணைச் சுருக்கினாள். தெருவே நின்று பார்த்தது.

கட்டிலோடு தூக்கிச் சட்டங்களுக்குக் கீழே வைத்தோம். ஏழு சட்டங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். டார்ச் கேட்டாள். மூன்றாவதில் ஒரு கோடு தெரிகிறதே என்றாள். பற்றவைத்த இடம், தேய்த்து வழவழப்பாக்கியது என்று சொல்லி, அவள் விரலைப் பிடித்துத் தடவிக் காட்டினேன். பலகையின் உள்பக்கத்தைக் கை எட்டிய மட்டும் தடவினாள். ஒரு மணி நேரம் ஆனது. ஆரோக்கியம் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "டாக்டரம்மாக்கு முன்னாடி நாமதான் பரீட்சை எழுதறோம் போல" என்றார். அவள் சிரிக்கவில்லை. ஆனால் திட்டவும் இல்லை.

"மூடலாம்" என்றாள்.

உச்சி வெயிலில், அவள் பார்த்துக்கொண்டிருக்க, நடுவிலிருந்து ஓரத்துக்கு ரிவிட் அடித்தோம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

கண்ணாடி பொருத்தியாகிவிட்டது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒழுகவில்லை. நாளை மறுநாள் காலை ஆறு மணிக்குப் புறப்பாடு. 'புறப்பாடு' என்ற சொல்லை முதல் தடவையிலேயே சரியாக எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

நேற்று நடந்ததை எழுதுகிறேன். கை வலிக்கிறது, பரவாயில்லை.

அவளை ஏற்றிக் கதவைச் சாத்தப் போனேன். நான் முன்னால் ஆரோக்கியத்துக்குப் பக்கத்தில் உட்காருவதாக ஏற்பாடு. சரோஜா அவளுக்குத் துணையாக உள்ளே.

"சரோஜாக்கா முன்னாடி உக்காரட்டும். அப்பா, நீங்க உள்ள வாங்க."

"நான் எதுக்குக் கண்ணு?"

"கூரை தாங்கும்னு நீங்கதான சொல்றீங்க. அப்ப நீங்களும் கீழ இருங்க."

ஏறினேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் ஒருக்களித்துப் படுக்கும் அளவு இடம்தான். கதவு சாத்தியதும் அவள் மூச்சு வேகமாக ஓடியது. என் கையைப் பிடிக்கவில்லை. கூரைக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வாய்க்குள் எண்ணினாள். மாயனூர் தாண்டும்போது எண்ணுவதை நிறுத்தினாள். பிறகு ஒரு தாளை நீட்டினாள். அவர்கள் கேட்கக்கூடிய கேள்விகள். நான் படிக்க வேண்டும், அவள் பதில் சொல்வாள். வண்டி குலுங்கியது. எழுத்துகள் ஆடின. 'கூலி ஏற்றத்தாழ்வுக்கான காரணிகள் யாவை' என்பதைப் படிக்க எனக்குக் குளித்தலை வரை ஆனது. அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். பதில் சொன்னாள். எனக்குப் பாதி புரிந்தது.

திருச்சியில் தள்ளுகட்டிலில் உள்ளே கொண்டுபோனார்கள். நான் தாழ்வாரத்தில் நின்றேன். கதவு வழியாக அவள் குரல் கேட்டது. வீட்டில் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. உள்ளே ஒருவர் ஏதோ மறுத்தார். அவள் விடவில்லை. திரும்பத் திரும்ப, "நான் அவங்களயே கேட்டேன் சார்" என்றாள். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கைதட்டல் கேட்டது. ஆரோக்கியம் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் சட்டையெல்லாம் டீசல் நாற்றம்.

திரும்பும்போதும் என்னை உள்ளேதான் வரச் சொன்னாள். களைத்திருந்தாள். முக்கொம்பு தாண்டியதும், கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"இன்னும் இல்லப்பா."

"நான் ஒண்ணும் கேக்கலியே கண்ணு."

"கேக்கறீங்க. மூச்சு விடறதுலயே கேக்கறீங்க."

நான் மூச்சை அடக்கிப் பார்த்தேன். அவள் லேசாகச் சிரித்தாள். ஒரு பெரிய பள்ளத்தில் வண்டி விழுந்து எழுந்தது. சட்டங்கள் ஒரு சத்தமும் போடவில்லை. அவளிடம் சொல்லலாம் என்று திரும்பினேன்.

தூங்கிவிட்டிருந்தாள். முகத்துக்கு ஒன்றரை அடி மேலே கூரை, வாய் கொஞ்சம் திறந்திருந்தது. நான் கரூர் வரும்வரை கூரையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

நாளை மறுநாள் ஞாயிறு, இதையும் திருத்துவாள். வரும் செவ்வாய்க்கிழமை மறுபடி எழுதுவேன், அதற்கடுத்த செவ்வாயும். அவள் சொல்லும் நாள் வரை எழுத நோட்டில் பக்கம் இருக்கிறது. போதாவிட்டால் வேறு நோட்டு வாங்கிக்கொள்கிறேன்.